கதவு மூடாத லிஃப்டும் முதல் வாக்கியத் துறையும்

கல்லூரிச் செய்தித்தாளில் யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதல் வாக்கியம் மட்டும் எழுதியவருக்குச் சொந்தமில்லை. அதற்குத் தனித் துறை இருந்தது. குளிர்சாதனம் போட்ட மூன்று அறைகள், ஒரு இயக்குநர், ஒரு ஈர்ப்பு அதிகாரி, சுழலும் நாற்காலிகள், சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். செய்தித்தாளுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை இருந்தது. அதன் ஒரு கால் குட்டை. யாரும் எடுத்துப் போகாத பழைய இதழ்களை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த இதழ்கள் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

துறை பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு மாணவன், 'நேற்று விளையாட்டு விழா நடைபெற்றது' என்று ஒரு செய்தியைத் தொடங்கினான். அதைப் படித்துக்கொண்டே முதல்வர் தூங்கிப்போனார். எழுப்பப் போன அலுவலக உதவியாளரை மனைவி என்று நினைத்து, "இன்னும் கொஞ்ச நேரம் விடேன்" என்று கையைப் பிடித்துவிட்டார். மறுவாரமே துறை வந்துவிட்டது. உதவியாளர் வேறு கட்டடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

பெரியவளுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெரியவள் என்று கூப்பிட்டுப் பழகி, அது கல்லூரி வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அப்பா கட்டட வேலை. அம்மா அதே கல்லூரியின் விடுதிச் சமையலறையில் அண்டா ஏற்றி இறக்குகிறவள்.

சமையலறை தரைக்குக் கீழே இருந்தது. சாப்பிடும் கூடம் இரண்டு மாடிக்கு மேலே. இதை வரைந்த பொறியாளர் வாழ்நாளில் காப்பி டம்ளரைத் தவிர எதையும் தூக்கியிருக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சரக்கு லிஃப்ட். ஆள் குந்தி உட்கார்ந்தால் கொள்ளும் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. கொதிக்கிற அண்டாவை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் மேலே போகும். கொஞ்ச நாளாகக் கதவு சாத்தவில்லை. கதவு சாத்தாவிட்டால் நகரக்கூடாத பெட்டி, இப்போது பொத்தானைத் தொடாமலேயே கிளம்பிக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு காலை உள்ளே ஊன்றி அண்டாவைத் தள்ளிய நேரத்தில் அது தன்பாட்டுக்கு எழும்பியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். செருப்பு மாட்டிக்கொண்டது. மேல்மாடியில் அதன் பாதி கிடைத்தது. மீதிப் பாதி எந்தப் பாத்திரத்துக்குள் விழுந்தது என்று யாரும் ஆராயவில்லை. அன்றைக்குச் சாப்பாடு வழக்கம்போலத்தான் இருந்தது என்றார்கள்.

"கால் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றாள் அம்மாவோடு வேலை செய்யும் பாத்திரக்கார அக்கா.

"நொண்டிக்கிட்டே வந்து இதே அண்டாவைத் தூக்கியிருப்பேன். வேற யாரு தூக்குவா, உன் மாமனாரா?"

"அவர் சோத்துத் தட்டையே ரெண்டு கையால பிடிப்பார்."

இருவரும் விடுதிக் காப்பாளரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் எதையும் வாங்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

"நான் என்னம்மா பண்றது? முதல்வர் கையெழுத்துப் போடணும். நாம போய்ச் சொன்னா, 'பார்க்கலாம்'னு சொல்லிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கல்லூரிப் பேப்பர்ல வர்றதை மட்டும்தான் படிக்கிறார். பேப்பர்ல வந்துச்சுன்னு வையுங்க, அன்னைக்கே கையெழுத்து ஆயிடும். உன் பொண்ணு மேல கட்டடத்துலதானே படிக்குது? எழுதச் சொல்லேன்."

அம்மா அன்று சாயங்காலம் புதுச் செருப்போடு வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "ஏய் பெரியவளே, இவ்வளவு நாள் படிக்கிறியே, லிஃப்ட் கதவைச் சாத்துற மாதிரி ஏதாவது எழுது."

பெரியவள் எழுதினாள். செய்தி நீளமில்லை. முதல் வாக்கியம் இதுதான்:

'விடுதிச் சமையலறையின் சரக்கு லிஃப்ட் கதவு மூடாமலேயே கிளம்பிவிடுவதால், அதில் பாத்திரம் ஏற்றும் பெண்களின் கை, கால் எந்த நேரமும் சிக்கிக்கொள்ளலாம்.'

மாடிப்படிக்கு அடியில் இருந்த மேசையில், கடைசி ஆண்டு மாணவன் ஒருவன் செய்தித்தாளின் ஆசிரியராக இருந்தான். எல்லோருக்கும் அவன் எடிட்டர் அண்ணன். தலைக்கு மேலே யாராவது படியேறும்போதெல்லாம் மேசை ஆடும், அவன் பிடித்துக்கொள்வான்.

"விஷயம் பெரிய விஷயம்," என்றான் படித்துவிட்டு. "முத்திரை எங்கே?"

"என்ன முத்திரை அண்ணா?"

"முதல் வாக்கியத்துக்கு முத்திரை. துறையில போட்டுத் தருவாங்க. அது இல்லாம நான் வானம் இடிஞ்சு விழுந்துடுச்சுன்னுகூடப் போட முடியாது. போன வருஷம் ஆய்வகத்துல தீப்பிடிச்சுதே, அந்தச் செய்திக்கு இன்னும் முத்திரை வரலை. 'தீ' அப்படிங்கற வார்த்தை ரொம்பப் பழசாம்."

பெரியவள் துறைக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரைவிரிப்பு. இயக்குநர் குட்டையான, சுத்தமான மனிதர். அவள் காகிதத்தைக் கையில் வாங்கி முதல் வாக்கியத்தைப் படித்தார். மீதியை ஒரு வெள்ளை அட்டையால் மூடிவைத்தார். அதற்கென்றே செய்த அட்டை அது. நடுவில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் சந்து வெட்டியிருந்தது.

"இதுல என்ன தப்பு தெரியுதாம்மா?"

"எழுத்துப் பிழையா சார்?"

"பிழை இருந்தாக்கூடப் பரவாயில்லையே. நீ விஷயத்தைச் சொல்லிட்ட. லிஃப்ட்டுங்கற, கதவுங்கற, கை காலுங்கற. எல்லாத்தையும் வாசல்லயே கொட்டிட்டா, வீட்டுக்குள்ள யாரு வருவா?"

"தெரிஞ்சுக்கிட்டாப் போதும் சார். சரி பண்ணிடுவாங்க."

இயக்குநர் நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி அவள் பக்கம் வந்து நின்றார். புதிதாக வருபவர்களிடம் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு உரை இருந்தது.

"நான் இந்தத் துறைக்குப் பொறுப்பேற்ற நாள்ல இருந்து, எந்தச் செய்தியையும் இரண்டாவது வாக்கியம் வரைக்கும் படிச்சதில்லை. பெருமைக்குச் சொல்லலை, கொள்கைக்குச் சொல்றேன். முதல் வாக்கியம் நல்லா இருந்தா, இரண்டாவது எதுக்கு? முதல் வாக்கியம் நல்லா இல்லைன்னா, இரண்டாவது எதுக்கு? முன்னாடியெல்லாம் நம்ம பேப்பரை ஜனங்க படிச்சு முடிச்சுட்டுத் தூக்கிப் போடுவாங்க. இன்னைக்குத் தொடங்கின உடனேயே பிரமிச்சுப் போய்க் கீழே வெச்சுடறாங்க. இது சாதாரண வளர்ச்சியா?"

"இல்லை சார்," என்றாள் பெரியவள். எதற்கு இல்லை என்று சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

சுவரில் இருந்த சான்றிதழ்களை அப்போதுதான் பார்த்தாள். எல்லாமே சிறந்த முதல் வாக்கியத்துக்காக இந்தத் துறைக்கு இந்தத் துறையே வழங்கியவை. கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு இடத்திலும் இயக்குநரின் கையெழுத்து. வாங்கிய கையெழுத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கம் தெரிந்தது.

வாக்கியம் புருவச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. அடுத்த அறையில், வகுப்புக்குத் தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகச் சில மாணவர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். ஒருவர் வாக்கியத்தை வாசிப்பார். தையற்காரர் நாடாவோடு இன்னொருவர் ஒவ்வொரு முகமாகப் போய்ப் புருவம் எவ்வளவு ஏறியது என்று அளப்பார். பெரியவளின் வாக்கியத்துக்கு எந்தப் புருவமும் ஏறவில்லை. கடைசியில் இருந்த ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

"எந்த லிஃப்ட்? எங்க மெஸ் லிஃப்டா? அதுலதானே சாப்பாடு வருது? அங்க யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

அவனை உடனே வெளியே அனுப்பினார்கள். வாக்கியத்தைக் கேட்கச் சொன்னால் விஷயத்தைக் கேட்கிறான். இப்படிப்பட்டவர்கள் இருந்தால் அளவு தப்பாக வரும் என்று நாடாக்காரர் விளக்கினார்.

மதிப்பெண் வராததால், பெரியவள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று முடிவானது. பயிற்சி தந்தது ஈர்ப்பு அதிகாரி. அந்த அம்மாள் எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். அது அவருடைய தொழில். வீட்டிலும் அப்படித்தான், 'இன்னைக்குச் சமையலுக்கு...' என்று சொல்லி நிறுத்திவிடுவார், பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிடும் என்று பேச்சு.

"மணத்துல தொடங்கலாம்," என்றார். "சத்தத்துல தொடங்கலாம். மழையில தொடங்கினா தோக்கவே தோக்காது. உன் செய்தியில மழை எங்கே?"

"லிஃப்ட் கட்டடத்துக்குள்ள இருக்கு மேடம்."

"உள்ள மழை பெய்ஞ்சா இன்னும் விசேஷம். சரி, கேள்வியில தொடங்கு. 'நீங்கள் எப்போதாவது மேலே போயிருக்கிறீர்களா?' எப்படி இருக்கு?"

"மேலே போனவங்க பேப்பர் படிக்க மாட்டாங்க மேடம்."

ஈர்ப்பு அதிகாரி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

பெரியவள் மழையோடு ஒன்று எழுதினாள். மணத்தோடு ஒன்று எழுதினாள். கேள்வியோடு ஒன்று. வாக்கியத்தில் லிஃப்ட் முதலில் பின்னால் தள்ளப்பட்டது, பிறகு இரும்பு ஆனது, பிறகு 'அது' ஆனது. கடைசியாகத் தேறும் நிலைக்கு வந்த வாக்கியத்தில் லிஃப்டும் இல்லை, கதவும் இல்லை, கையும் காலும் இல்லை. 'அது எழும்பியபோது, யாரோ மூச்சை மறந்தார்கள்.' படித்துப் பார்த்த எடிட்டர் அண்ணன், "யாரு காதலிக்கிறாங்க?" என்று கேட்டான்.

இந்த இடைவெளியில் கீழே லிஃப்ட் சும்மா இருக்கவில்லை. பாத்திரக்கார அக்காவின் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. இடுப்புக் கயிறு அறுந்ததால் அவள் கீழேயே இருந்தாள். ஏப்ரன் மட்டும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"எழுதினியா?" என்றாள்.

"எழுதிட்டேம்மா. முதல் வாக்கியத்துலயே நிக்குது."

"மாசக்கணக்கா ஒரே வாக்கியத்தையா எழுதுற? நான் அதுக்குள்ள ஊருக்கே பொங்கிப் போட்டிருப்பேன்."

பெரியவள் மறுநாள் காலையில் இயக்குநர் முன் நின்றாள். இந்த முறை உட்காரவில்லை. "சார், நேத்து ஒரு அக்காவோட ஏப்ரன் மாட்டிக்கிச்சு. கயிறு அறுந்ததால ஆள் பிழைச்சாங்க. இதையாவது அப்படியே போடுங்க சார்."

"ஏப்ரன்ல உயிர் இல்லையேம்மா." இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "உன் சிக்கல் என்னன்னு நான் இத்தனை நாளாக் கவனிக்கிறேன். திறமை இருக்கு. உழைப்பு இருக்கு. ஆனா நீ சீக்கிரமா வந்துட்ட."

"சீக்கிரமாவா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆகப்போகுது, ஆகலாம், ஆகக்கூடும். இதுல எப்படி ஈர்ப்பு வரும்? ஒரு விரல், வேண்டாம், ஒரு நகம்... நான் நடக்கணும்னு சொல்லலை. நடந்திருந்தா உனக்குத் தொடக்கம் கிடைச்சிருக்கும்னு சொல்றேன்."

"நடக்கக் கூடாதுன்னுதான் சார் எழுதினேன்."

"அதான்மா நான் சொல்றது," என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உன் நோக்கமே வாக்கியத்துக்கு எதிரா இருக்கு."

அவள் நகரவில்லை. எதிரில் நின்று அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அழுதிருந்தால் ஈர்ப்பு அதிகாரி குறித்துக்கொண்டிருப்பார். கட்டட வேலைக்காரர் வீட்டுப் பெண், பாரம் இறங்கும்வரை நின்றுதான் ஆகவேண்டும் என்பதுபோல நின்றாள். இயக்குநருக்கு அது தொந்தரவாக இருந்தது. கடைசியில் ஒரு சலுகை செய்தார். நேரில் வந்து, அந்த லிஃப்டை உணர்ந்து, தாமே ஒரு முதல் வாக்கியம் எழுதித் தருவதாகச் சொன்னார். துறை தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு செய்தி நடந்த இடத்துக்குப் போனதே இல்லை. கொள்கைக்குக் கொஞ்சம் மாறானதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஈர்ப்பு அதிகாரியோடு அவர் சமையலறைக்கு வந்தபோது மூன்று அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சூழல் கெடும் என்று எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பெண்கள் கரண்டியோடு சுவரோரமாக நின்றார்கள். இயக்குநர் கண்ணை மூடி மோந்து பார்த்தார். சுவரைத் தடவினார். பிசுக்கு கையில் ஒட்டியதும் ஈர்ப்பு அதிகாரியின் முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு லிஃப்ட் முன் நின்று, "உள்ளே போகணும்," என்றார்.

"அதுல ஆள் ஏறக்கூடாது சார்," என்றாள் அம்மா. "கதவு சாத்தாது. தன்னால கிளம்பிடும்."

இயக்குநர் ஈர்ப்பு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? 'கதவு சாத்தாது.' சப்புனு இருக்கு. பொண்ணுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

"நான் வாக்கியம் சொல்லலை சார். ஏறாதீங்கன்னு சொல்றேன்."

"வலியுறுத்தினாலும் சப்புனுதான்மா இருக்கு," என்று சொல்லிவிட்டு, காலணியைக் கழற்றாமல், குனிந்து, உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்தார்.

லிஃப்ட் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கிளம்பியது.

முதலில் அவர் தலை மறைந்தது, பிறகு வயிறு, கடைசியாகக் காலணிகள். மேலே எங்கோ இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அதோடு நின்றுவிட்டது. இரண்டு தளங்களுக்கு நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். அவருடைய கால்சட்டையின் ஒரு பக்கம் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் இறுகியிருந்தது.

"காப்பாத்துங்க," என்று ஒரு குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

ஈர்ப்பு அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. பல ஆண்டுப் பழக்கம். "சார், அது எல்லாரும் சொல்றது."

 பிறகு குரல் மறுபடி வந்தது, கொஞ்சம் திருத்தமாக. "வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது... உள்ளே ஒரு மனிதன்..."

"மழை நல்லா இருக்கு சார். 'ஒரு மனிதன்' வேண்டாமே."

"ஐயோ, தொடை இறுகுதும்மா!"

"அதுல உயிர் இருக்கு சார்," என்றார் ஈர்ப்பு அதிகாரி, முதல்முறையாக உற்சாகத்தோடு. குறித்துக்கொண்டார்.

அம்மா இதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெரிய சுவிட்சை அணைத்தாள். பாத்திரக்கார அக்காவும் மற்ற பெண்களும் ஏணியைச் சாய்த்து ஏறி, கைக்குக் கிடைத்த காலைப் பிடித்து, மாவு மூட்டையை இறக்குவதுபோல அவரை இழுத்தார்கள். கால்சட்டை பாதி மேலேயே தங்கிவிட்டது. கீழே வந்தவருக்கு ஏப்ரன் ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.  தண்ணீர் குடித்தார். தன்னை இழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இனிமேல் புரிந்துவிடும் என்று பெரியவள் நினைத்தாள்.

"கிடைச்சிடுச்சு," என்றார் இயக்குநர்.

அந்த வாரம் செய்தித்தாள் வந்தது. முதல் பக்கம் முழுவதும் ஒரே ஒரு வாக்கியம், பெரிய எழுத்தில்: 'இருளுக்கும் இருளுக்கும் நடுவே, ஒருவர் தன் மூச்சின் எடையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.' கீழே இயக்குநரின் பெயர், படம், முத்திரை. எழுத்து பெரிதாகப் போனதால் பெரியவளின் செய்திக்கு இடமில்லாமல் போனது என்று எடிட்டர் அண்ணன் சொன்னான். சொல்லும்போது மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே யாரும் படியேறவில்லை.

இயக்குநருக்கு நெஞ்சு வலி என்று பாதிக் கல்லூரி நினைத்தது. துறவியாகப் போகிறார் என்று மீதிப் பாதி. கணக்குத் துறைப் பேராசிரியர் ஒருவர் பழக்கூடையோடு போய் நலம் விசாரித்துவிட்டு வந்தார். லிஃப்ட் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

ஆனால் முதல்வர் படித்தார். படித்துவிட்டுத் தூங்கவில்லை. கண் கலங்கியதாக அவருடைய புது உதவியாளர் சொன்னார். உடனே இயக்குநரை அழைத்து, அந்த அனுபவம் எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கையெழுத்தின்படி, சமையலறை லிஃப்ட் அன்றிலிருந்து முதல் வாக்கியத் துறையின் சொத்து. அதற்கு அனுபவ அறை என்று பெயர். உள்ளே வெல்வெட் மெத்தை போட்டார்கள். மங்கலாக எரியும் விளக்கு ஒன்று மாட்டினார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே குந்தி உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தோடு வெளியே வர வேண்டும். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிரந்தரமாகத் துண்டித்துவிட்டார்கள். திறப்பு விழாவில் முதல்வர் பேசினார்.

"ஒரு கல்லூரிப் பேப்பரில் வந்த ஒரே வாக்கியத்துக்கு ஒரு நிர்வாகம் இவ்வளவு வேகமாகச் செயல்பட்டது வேறெங்கும் உண்டா? எழுத்துக்குச் சக்தி இல்லை என்பவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும். இதன் பின்னணி என்ன என்று எனக்கு முழுமையாகத் தெரியாது. தெரியாமலேயே செய்ததுதான் இதன் சிறப்பு."

கைதட்டினார்கள். விடுதிக் காப்பாளர் கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். "நான் சொன்னேன் பார்த்தியா? பேப்பர்ல வந்தா அன்னைக்கே கையெழுத்துன்னு."

"லிஃப்ட் போயிடுச்சே சார். சாப்பாடு எப்படி மேலே போகும்?"

அவர் அதையும் காதில் வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு படிக்கட்டு வழியாகப் போனது. ஒரு அண்டாவுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு காது. படி குறுகல், திருப்பம் செங்குத்து. முதல் நாளே பாத்திரக்கார அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்தபடி, "லிஃப்ட்டாவது எப்பவாவதுதான் கடிச்சுது," என்றாள். மறுநாள் அவள் வரவில்லை. வகுப்பு இல்லாத நேரத்தில் பெரியவள் வந்து அவளுடைய பக்கத்துக் காதைப் பிடித்தாள். அம்மா மேலே, முதுகு முன்னால் போக ஏறினாள். மகள் கீழே, பாரம் நெஞ்சுக்கு வரத் தாங்கினாள்.

"நீ போய்ப் படி. இதுக்கா உன்னைச் சேர்த்தேன்?"

"படியைப் பாரும்மா."

"படியைத்தான் பார்க்கிறேன். நீ எழுதினதுல படிதான் வந்திருக்கு."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை தளரும் என்று அடக்கிக்கொண்டாள். அண்டாவுக்குள்ளிருந்து ஆவி நேராக அவள் முகத்துக்கு வந்தது.

இயக்குநர் அந்த நேரத்தில்தான் அனுபவ அறைக்குப் போக மேலேயிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார், ஈர்ப்பு அதிகாரியோடு. முதல் திருப்பத்தில் நின்றுவிட்டார். இரண்டு பெண்கள், ஆவி, ஜன்னல் வெளிச்சம். சுவரோரம் ஒதுங்காமல், நடுப்படியில் நின்றார்.

"பெரியவளே, நீயா?" என்றார். "இதை எழுதேன். நானே முத்திரை போடறேன். என்ன ஒரு காட்சி. இதுக்கு ஒரு தொடக்கம் மட்டும் கிடைச்சுட்டா..."

அம்மா திரும்பாமலேயே சொன்னாள். "ஒதுங்குங்க சார், சூடு."

இயக்குநரின் இரண்டு புருவங்களும் ஏறின. நாடா இல்லாமலே தெரிந்தது. ஈர்ப்பு அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? 'ஒதுங்குங்க சார், சூடு.' எவ்வளவு சுருக்கம். என்ன சூடு, யாரு ஒதுங்கணும், எதுக்கு ஒதுங்கணும், எதையும் சொல்லலை பாருங்க. இதுதான் தொடக்கம். எழுதுங்க, எழுதுங்க."

"சார், நிஜமாவே ஒதுங்குங்க," என்றாள் பெரியவள் கீழேயிருந்து.

"இரும்மா, இரண்டாவது வாக்கியம் வேண்டாம். கெட்டுடும்." அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

கொதிக்கிற அண்டாவோடு படியேறுகிறவர்கள் நடுவில் நிற்க முடியாது. நின்றால் பாரம் பின்னால் இழுக்கும், உள்ளே இருப்பது தளும்பும், தளும்பினால் கீழே பிடித்திருப்பவர் மேல்தான் கொட்டும். கீழே பிடித்திருந்தது மகள்.

அம்மா நிற்கவில்லை.